வீட்டை விசாரித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்: கோலாலம்பூர் வீட்டு முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரில் வீடு விற்றுக்கொடுக்கும் முகவர் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவர்கள் சார்பில் வீடு காட்ட வரும் நெகோஷியேட்டர்களுக்கும்,

சென்ற மாதம், பன்னிரண்டாவது வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்னால், உங்களில் ஒருவருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆறு கேள்விகள் அனுப்பினேன். நிலக் குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? வீட்டுக்குத் தனிப் பட்டா வந்துவிட்டதா? லிஃப்ட் எந்தெந்த மாடியில் நிற்கும்? லிஃப்டிலிருந்து வாசல் வரை படி இருக்கிறதா? பராமரிப்புக் கட்டணம் பாக்கி உண்டா? உள்ளே யாராவது வாடகைக்கு இருக்கிறார்களா? மறுநாள் காலை பதில் வந்தது. "மிஸ், எங்கள் டீம் உங்களுக்கு ஐந்து வீடு காட்டிவிட்டது. ஒன்றும் பிடிக்கவில்லை. கேள்வியும் அதிகம். இனி நாங்கள் வியூவிங் ஏற்பாடு செய்ய முடியாது. மன்னிக்கவும்."

இரவுப் பணி முடிந்து, மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி அதைப் படித்தேன். என் ஆறு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் இல்லை.

அந்த ஒரு குழுவோடு மட்டும் எனக்குப் பிணக்கு இருந்திருந்தால் அவர்களுக்கே எழுதிவிட்டுப் போயிருப்பேன். நான் பார்த்த பதினொரு வீடுகளில் மற்ற ஆறையும் காட்டியவர்கள் வேறு மூன்று நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். எல்லோரிடமும் முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் பதிவு எண் இருந்தது. அட்டையில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். ஆக, பதிவில்லாத தரகர்களைப் பற்றி நான் பேசவில்லை. சட்டப்படி தொழில் செய்கிற உங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

"ஒன்றும் பிடிக்கவில்லை" என்பது உண்மையல்ல. பிடித்த வீடுகளை எங்களால் வாங்க முடியவில்லை. வாங்க முடிந்த வீடுகளுக்கு அப்பாவால் ஏறிப் போக முடியவில்லை. இரண்டுமே வாசலில் போய் நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு 72 வயது. செந்தூல் இரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது நாங்கள் வாடகைக்கு இருப்பது செந்தூலிலேயே லிஃப்ட் இல்லாத பிளாட்டில், நான்காவது மாடியில். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இறங்க 64 படி, ஏற 64 படி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் அதை நகர்த்துவதில்லை. கூட்டிப் பெருக்கும்போதுகூட திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுகிறார்கள். டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் வீட்டுக்குள் போய்ச் சேர அவருக்குச் சில நேரம் அரை மணி ஆகிவிடும்.

நான் கேட்டது பெரிய வீடு அல்ல. 420,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்), செந்தூல், ஜாலான் ஈப்போ, செத்தாபாக், வங்சா மாஜு பக்கம், லிஃப்ட் ஒழுங்காக வேலை செய்யும் கட்டடம் அல்லது தரைத்தளம், காரிலிருந்து வாசல் வரை படி இல்லாத வழி. இதை ஒவ்வொரு முகவரிடமும் முதல் நாளே சொன்னேன். எழுத்திலும் அனுப்பினேன்.

நீங்களும் முதல் நாளே என்னிடம் கேட்டீர்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இபிஎஃப் சேமநிதிக் கணக்கு அறிக்கை, கடன் வரலாற்றைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கை, வேறு என்ன கடன் இருக்கிறது, கார் லோன் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர். எல்லாவற்றையும் கொடுத்தேன். அதில் எனக்குக் குறையில்லை. வங்கிக் கடன் கிடைக்காத ஆளோடு அலைந்தால் உங்களுக்கும் பெட்ரோல் நஷ்டம், வீட்டுக்காரருக்கும் நேர நஷ்டம். வாங்க வருகிறவரை முன்கூட்டியே விசாரிப்பது நியாயம் என்றால், காட்டப் போகிற வீட்டை முன்கூட்டியே விசாரிப்பதும் அதே நியாயம்தான். நீங்கள் ஒன்றைச் செய்கிறீர்கள், மற்றதைச் செய்வதில்லை.

மூன்றாவதாகப் பார்த்த வீடு எல்லை தாண்டி சிலாங்கூர் பக்கம், பத்துமலைக்கு அருகில். ஆறாவது மாடி. இரண்டு லிஃப்டும் வேலை செய்தன. நடைபாதையில் நின்றால் முருகன் சிலை தெரிந்தது. 2006இல் அந்த 140 அடிச் சிலையைத் திறந்தபோது அப்பாவும் அம்மாவும் கூட்டத்தில் நின்று பார்த்தவர்கள். அம்மா இப்போது இல்லை. அப்பா நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் உள்ளே வந்து, சாமி மேடையை எந்த மூலையில் வைப்பது, அம்மா படத்தை எங்கே மாட்டுவது என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு வீட்டுக்குள் நின்று அவர் அப்படிப் பேசிப் பல வருடம் ஆகிவிட்டது. கீழே இறங்கி நான் முன்பணம் பற்றிக் கேட்ட பிறகுதான் முகவர் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு என்னிடம், "சாரி மிஸ், இது பூமி லாட்டாம். பூமிபுத்ராவுக்குத்தான் விற்க முடியும்" என்றார்.

பூமி லாட், அதாவது மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராவுக்கென ஒதுக்கிய வீடு என்பது, தோண்டித் துருவிக் கண்டுபிடிக்க வேண்டிய இரகசியமா? சிலாங்கூரில் அது பெரும்பாலும் பட்டாவிலேயே நிபந்தனையாக எழுதியிருக்கும். மாநில அரசின் அனுமதி இல்லாமல் மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது. நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்தால் அநேகமாகத் தெரிந்துவிடும். அதுவும் வேண்டாம், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும். இதே முகவர் போனில் என் பெயரைக் கேட்டதும் முதல் கேள்வியாக "இந்தியரா?" என்று கேட்டவர். என் இனத்தைக் கேட்கத் தோன்றியவருக்கு வீட்டின் பட்டாவைப் பார்க்கத் தோன்றவில்லை.

காரில் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஜாலான் ஈப்போ வந்ததும், "இனிமே நான் வரலம்மா. நீ பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் அவர் வரவில்லை.

செத்தாபாக்கில் ஒரு வீட்டுக்கு "லிஃப்ட் உண்டு" என்று விளம்பரம். உண்டுதான். ஆனால் அது எல்லா மாடியிலும் நிற்பதில்லை. அந்த வீட்டுக்கு மேல் மாடியில் இறங்கி 18 படி நடந்து வர வேண்டும். ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு தரைத்தள வீடு. புதுச் சாயம் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, மழைக்காலத்தில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் வந்ததைக் கையால் தொட்டுக் காட்டினார். முகவருக்கு அது புதுச் செய்தி. இன்னொரு இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்த பிறகு, "அது போன மாதமே விற்றுவிட்டது, பக்கத்தில் வேறொன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்றார்கள். 99 ஆண்டுக் குத்தகையில் பாதி கழிந்துவிட்ட ஒரு வீட்டை, குத்தகை பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் காட்டினார்கள். எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை வங்கி அதிகாரி வாயால்தான் கேட்டேன். கட்டி இருபது வருடம் ஆகியும் தனிப் பட்டா வராமல், முழு நிலமும் இன்னும் மேம்பாட்டாளரின் பெயரில் இருக்கிற அடுக்குமாடி ஒன்று.

ஏழாவது வீட்டுக்கு 400,000 வெள்ளி விலை பேசி, 3 விழுக்காடு முன்பணமாக 12,000 வெள்ளி கட்டினேன். இரண்டு வருடம் ஓவர்டைம் செய்து சேர்த்த பணம் அது. என் வழக்கறிஞர் நில அலுவலகத்தில் தேடியபோது, வீட்டுக்காரரின் சொந்தத் தம்பியே அந்தப் பட்டாவின் மேல் கேவியட் என்ற தடை போட்டு வைத்திருப்பது தெரிந்தது. கேவியட் இருக்கும்வரை பெயர் மாற்ற முடியாது. அண்ணன் தம்பி சண்டை எப்போது தீரும் என்று யாருக்குத் தெரியும்? பணம் திரும்பி வரப் பத்து வாரம் ஆனது. அந்தப் பத்து வாரமும் வேறு எந்த வீட்டுக்கும் முன்பணம் கட்ட என்னிடம் காசு இல்லை. நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அந்தத் தேடலை எடுத்திருக்கலாம். நானும் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வங்சா மாஜுவில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. கதவைத் திறந்தவர் ஒரு இளம்பெண். ஈரத் தலை, இடுப்பில் கைக்குழந்தை. நம் தமிழ்ப் பெண்தான். வீடு விற்பனைக்கு வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. முகவர், "ஐந்து நிமிடம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அறைக் கதவுகளைத் திறந்து காட்ட ஆரம்பித்துவிட்டார். கட்டிலில் மடிக்காத துணி, தரையில் குழந்தையின் பால் புட்டி. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார், "அக்கா, இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு அக்ரிமெண்ட் இருக்கு. நீங்க வாங்கிட்டா எங்களைப் போகச் சொல்லிடுவீங்களா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டை வாங்கினாலும் ஒன்றரை வருடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பது அப்போதே புரிந்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்ததுதான் மிச்சம். ஒரே ஒரு போன் செய்திருந்தால் அவரும் அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை, நானும் போயிருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொன்னால் நீங்கள் தரும் பதில் எனக்குத் தெரியும். "நாங்கள் விற்பவரின் ஆள். கமிஷன் அவர்தான் தருகிறார்." சரி, ஒப்புக்கொள்கிறேன். விற்பனை விலையில் அதிகபட்சம் 3 விழுக்காடு, அதைத் தருவது பெரும்பாலும் விற்பவர். ஆனால் எனக்கு வீடு காட்டிய பலர் அந்த வீட்டின் முகவர்கள் அல்ல. வாங்கும் பக்கத்து ஆளாக என்னைக் கூட்டி வந்தவர்கள், கோ-புரோக் என்று சொல்லி அந்தக் கமிஷனில் பங்கு பெறப் போகிறவர்கள். நான் இருப்பதால்தான் அந்தப் பங்கு. அப்படியானால் என் சார்பில் நாலு கேள்வி கேட்பது உங்கள் வேலை இல்லையா? விற்பவரின் முகவராகவே இருந்தாலும், கையில் எடுத்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அதை எப்படி விற்பீர்கள்? பத்துமலை வீட்டுக்காரரும் பாவம், வாங்கவே முடியாத எங்களுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

களத்தில் ஓடுகிற பிள்ளைகளைப் பழிக்க எனக்கு மனமில்லை. அடிப்படைச் சம்பளம் கிடையாது, பெட்ரோல், டோல், விளம்பரச் செலவு எல்லாம் அவர்கள் தலையில், வீடு விற்றால்தான் காசு. வீடு பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிடும் ஆட்களையும் அவர்கள் பார்க்கிறார்கள். இரண்டு நாள் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்துவிட்டு அட்டையை மாட்டிக்கொண்டு வருகிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்குக் கேவியட் என்றால் என்னவென்று யார் சொல்லிக்கொடுத்தது? அதற்குப் பொறுப்பு நிறுவனத்தை நடத்துகிற உங்களுடையது. வாரத்துக்கு எத்தனை பேரை வீடு பார்க்கக் கூட்டிப்போனாய் என்று கணக்குக் கேட்பவர்கள் நீங்கள்தான்.

இது முடியாத காரியமும் அல்ல. செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அறுபது வயதைத் தாண்டிய சீனர், செத்தாபாக் வட்டாரத்தில் மட்டும் வேலை செய்பவர், என்னிடம் மலாயில்தான் பேசுவார். முதல் போனிலேயே அவர் கேட்டது, "உங்கள் அப்பா வாக்கர் வைத்திருக்கிறாரா, சக்கர நாற்காலியா?" சக்கர நாற்காலி என்றால் குளியலறைக் கதவின் அகலத்தை அளக்க வேண்டுமாம். இதுவரை வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இரண்டு வீடுகளைப் பற்றி அவரே கூப்பிட்டு, "வராதீர்கள், உங்கள் அப்பாவுக்கு ஆகாது" என்று சொன்னார். மூன்றாவதற்கு ஒரு காணொளி அனுப்பினார். கார் நிறுத்துமிடத்தில் தொடங்கி, லிஃப்டில் ஏறி, வீட்டு வாசல் வரை நடந்தே எடுத்தது. ஒரு இடத்தில் படி வந்தது. "சத்து, டுவா, தீகா" என்று எண்ணிக்கொண்டே ஏறினார். மூன்று படி, பக்கத்திலேயே சாய்தளம் இருக்கிறது என்று அதையும் காட்டினார். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த தகுதிச் சான்றிதழின் முன் நின்று, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று படித்துச் சொன்னார்.

அந்தக் கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்துக்கும் அவரே போயிருந்தார். வீட்டுக்காரர் நான்கு மாதப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார், அதை விற்பனைப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார். சிங்கிங் ஃபண்டில் அவ்வளவாகப் பணம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பராமரிப்புக் கட்டணத்தோடு கூடுதலாக 10 விழுக்காடு கட்டுகிறோமே, அந்தப் பணம்தான். லிஃப்ட் மாற்றுவதற்கும் கட்டடத்துக்குச் சாயம் பூசுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்பாவின் கால் லிஃப்டை நம்பி இருக்கும்போது, சமையலறை கேபினெட்டின் நிறத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம். வங்கி அந்த வீட்டைக் குறைவாக மதிப்பிட்டதால் வாங்க முடியாமல் போயிற்று. அவர் காட்டிய இன்னொரு வீட்டுக்கு வேறொருவர் கூடுதல் விலை கொடுத்துவிட்டார். இரண்டிலும் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. யாரும் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. ஒரு வீட்டைக் கையில் எடுத்தால் முதலில் பட்டாவைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் விளம்பரம் போடுவேன், அதனால் பாதி பெட்ரோல் மிச்சம் என்று அவர் சொன்னார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு வீட்டை விற்க ஒப்புக்கொள்ளும் நாளிலேயே நில அலுவலகத்தில் தேடல் எடுங்கள். நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் எந்த ஆண்டு முடிகிறது, பெயர் மாற்ற அரசு அனுமதி வேண்டுமா, தனிப் பட்டா உண்டா, கேவியட் உண்டா என்பதை விளம்பரத்திலேயே எழுதுங்கள். பூமி லாட் என்றால் அதை முதல் வரியில் போடுங்கள். அப்படிப் போட்டுவிட்டால் போனில் யாரிடமும் "இந்தியரா?" என்று கேட்க வேண்டிய தேவையே இருக்காது. அந்தக் கேள்வியை உங்கள் ஆட்கள் இன்றோடு நிறுத்த வேண்டும்.

வீடு பார்க்க நேரம் குறிப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடமும் நிர்வாக அலுவலகத்திடமும் பேசுங்கள். லிஃப்ட், படி, கார் நிறுத்துமிடம், கட்டணப் பாக்கி, தண்ணீர் ஏறிய வரலாறு எல்லாவற்றையும் கேளுங்கள். கட்டடத்தின் காவலாளியிடம் இரண்டு நிமிடம் பேசினாலே பாதி விஷயம் வந்துவிடும். வாங்குபவர் எழுதி அனுப்பிய தேவைகளில் எது பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, பொருந்தாவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே குடியிருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து, சம்மதம் வாங்கிக்கொண்டு கதவைத் தட்டுங்கள். தேடல் முடிவைக் கையில் தராமல் எவரிடமும் முன்பணம் வாங்காதீர்கள். விற்றுப்போன வீட்டின் விளம்பரத்தை அன்றே எடுத்துவிடுங்கள்.

நிறுவனப் பொறுப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டை எடுத்த நெகோஷியேட்டர் கையெழுத்துப் போட்ட பிறகே வீடு காட்ட வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் விதி வையுங்கள். இதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கச் சொல்லி, உங்களைப் பதிவு செய்யும் வாரியத்துக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன்.

எனக்கு இனி வீடு காட்ட முடியாது என்று எழுதிய குழுவினருக்கு: அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். பன்னிரண்டாவது வீட்டைப் பற்றிய ஆறு கேள்விகளும் உங்கள் புலனத்தில் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் எழுதுங்கள். பதிலைப் பார்த்து வீடு பொருந்தும் என்றால் ஞாயிற்றுக்கிழமையில் நேரம் குறியுங்கள். செவ்வாய், வியாழன், சனி அப்பாவுக்கு டயாலிசிஸ். பொருந்தும் என்று உறுதியாகத் தெரிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு தாதி